ரொட்டியைப் பக்கவாட்டில் பார்த்தல்: தோட்டத்து இருட்டில் ஒரு விண்மீன் மண்டலம்

2022 மார்ச் 31 ஆம் திகதி இரவு நோர்வூட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில், பெரியப்பா வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம். மா, மண்ணெண்ணெய், எரிவாயு என எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற காலம். லயங்களில் ஒரு நேரச் சாப்பாடு இல்லாமல் போன கதையை எழுதத்தான் வந்திருந்தேன். மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டு நிற்கிறது என்ற செய்தி போனில் வந்துகொண்டிருந்தது. போனில் பற்றரி 9 வீதம்.

பெரியப்பாவின் மகன் ஹட்டனில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். "அக்கா, இன்னைக்கு ஸ்டோர் லைட்டும் இல்ல, அமாவாசையும் கூட. மேல ரோட்டுக்கு வாங்க" என்றான். முக்காலியில் கமராவைப் பூட்டி, 200 மில்லிமீற்றர் வில்லையை ஏறத்தாழ உச்சிக்குத் திருப்பி வைத்தான். செக்கனுக்கு ஒரு படமாக, கால் மணித்தியாலம் அது தன்பாட்டில் சொடுக்கிக்கொண்டிருந்தது. கமராவின் திரையில் நட்சத்திரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. "தெரியாது அக்கா. வீட்டுல போய் ஒன்னா சேக்கணும்" என்றான்.

மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்தது. ஏப்ரல் 2 மாலை தொடக்கம் 4 ஆம் திகதி காலை வரை நாடு முழுவதும் ஊரடங்கு. நான் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். மின்சாரம் வந்த நேரங்களில் தம்பி தன் பழைய மடிக்கணினியில் அந்த 900 படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். கடைசியில் திரையின் நடுவில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு வந்தது. வில்லையில் கீறல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"கீறல் இல்ல அக்கா. அது நம்ம பால்வீதி மாதிரி இன்னொன்னு. விளிம்புப் பக்கமா தெரியுது."

என்னைப் போல வன்னியில் வளர்ந்தவர்கள் இரவு வானத்தைப் பார்த்ததை விட அதற்குக் காது கொடுத்ததுதான் அதிகம். என் சிறுவயதில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்த இருட்டில் பால்வீதி தலைக்கு மேல் பளிச்சென்று இருந்திருக்க வேண்டும். எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. கிபிர் வருகிற திசை ஞாபகத்தில் இருக்கிறது. இரவெல்லாம் சுற்றிய 'வண்டின்' இரைச்சல் இருக்கிறது. பரா வெளிச்சம் இறங்கும்போது மரங்களின் நிழல் நிலத்தில் நகர்ந்தது இருக்கிறது.

அந்தச் சாம்பல் கோட்டுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மாசி, பங்குனியில் நோர்வூட்டுக்குப் போகிறேன். அந்தக் கோடு என்ன, அதைப் படம் எடுப்பதால் என்ன பயன், எங்கள் நாட்டிலிருந்து அதை எப்போது, எப்படி எடுப்பது என்று இதுவரை கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விளிம்பில் தெரியும் மண்டலம்

எமது சூரியன் பல ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு சுருள் மண்டலத்தில் இருக்கிறது. அதுதான் பால்வீதி. அதன் விட்டம் சுமார் 1 இலட்சம் ஒளியாண்டு. தட்டின் தடிப்போ ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுதான். 100க்கு 1 என்ற இந்த விகிதத்தைத் தம்பி பெரியம்மாவின் ரொட்டியை வைத்து விளக்கினான். ரொட்டியை மேலிருந்து பார்த்தால் வட்டம். கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு. உண்மையில் அப்பளம்தான் இன்னும் பொருத்தம், ஏனென்றால் ரொட்டி தடிப்பு. ஒரேயொரு வித்தியாசம், மண்டலத்தின் நடுவில் நட்சத்திரங்கள் செறிந்து இரண்டு பக்கமும் ஒரு புடைப்பு இருக்கும்.

வெளியே உள்ள மண்டலங்கள் எங்களுக்கு வசதியாகத் திரும்பி நிற்பதில்லை. சில முகத்தைக் காட்டும், அவற்றில் சுருள் கைகளை எண்ணலாம். சில சரிந்து நிற்கும். சில விளிம்பை மட்டும் காட்டும். விளிம்பைக் காட்டுபவற்றில் சுருள் தெரியாது. அதற்குப் பதிலாக, ஒரு கோடும், நடுவில் புடைப்பும், கோட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும் ஒரு கறுப்புக் கீற்றும் தெரியும். கறுப்புக் கீற்று, நட்சத்திரங்களுக்கிடையே கிடக்கும் தூசி. அது பின்னால் உள்ள ஒளியை மறைக்கிறது.

தம்பி எடுத்தது என்ஜிசி 4565. வில்லியம் ஹெர்ஷல் 1785 இல் கண்டது, ஊசி மண்டலம் என்று பட்டப்பெயர். தூரம் சுமார் 4 கோடி ஒளியாண்டு. வானத்தில் அதன் நீளம் 16 பாகைக் கலை, அதாவது முழுநிலவின் விட்டத்தில் பாதி. இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. இவ்வளவு பெரிதென்றால் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? அளவில் குறைவில்லை, ஒளியில்தான் குறைவு. எங்கள் கண் ஒரு செக்கனுக்கும் குறைவான நேரம்தான் ஒளியைச் சேர்த்து வைக்கும். கமரா மணிக்கணக்காகச் சேர்க்கும்.

கறுப்புக் கீற்று சொன்ன செய்தி

இந்தத் துறையின் தொடக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் தொழில்முறை விஞ்ஞானி அல்ல. ஐசக் ரொபர்ட்ஸ் இங்கிலாந்தில் கட்டட வேலைத் தொழில் செய்தவர். 1888 டிசம்பரில் தன் சொந்தத் தொலைகாட்டியால் அந்திரோமீடா மண்டலத்தைப் படமெடுத்து, அதன் சுருள் அமைப்பை உலகுக்குக் காட்டினார். ஆனால் அதை, ஒரு புதிய சூரிய குடும்பம் உருவாகும் காட்சி என்று எடுத்துக்கொண்டார். படம் சரி, வாசிப்புப் பிழை. ஊடகம் படித்த எனக்கு இது புதிய பாடம் அல்ல.

இந்தச் சுருள்கள் பால்வீதிக்கு உள்ளே இருக்கும் முகில்களா, வெளியே இருக்கும் வேறு மண்டலங்களா என்பது 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய வழக்கு. அதில் விளிம்பில் தெரியும் மண்டலங்களே முக்கிய சாட்சிகள்.

முதல் சாட்சி மெசியே 104, சொம்பிரேரோ. அகன்ற விளிம்புள்ள மெக்சிக்கோத் தொப்பி போலத் தெரிவதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் லோவல் அவதான நிலையத்தில் வெஸ்டோ ஸ்லைபர் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அது செக்கனுக்குச் சுமார் 1,000 கிலோமீற்றர் வேகத்தில் எங்களை விட்டு விலகுவது தெரிந்தது. பால்வீதிக்குள் இருக்கும் ஒரு முகிலுக்கு அது பொருந்தாத வேகம். 1914 இல் அவர் இன்னொன்றையும் அறிவித்தார்: அந்த மண்டலம் சுழல்கிறது. விளிம்பிலோ சரிந்தோ தெரிந்தால் மட்டுமே ஒரு பக்கம் எங்களை நோக்கி வருவதும் மறுபக்கம் விலகுவதும் ஒளியில் பதியும். முகம் காட்டி நிற்கும் தட்டில் இதை அளக்க முடியாது.

இரண்டாவது சாட்சி கறுப்புக் கீற்று. அப்போது ஒரு கேள்வி பதில் இல்லாமல் கிடந்தது. சுருள் முகில்கள் வானத்தின் எல்லாப் பக்கமும் தெரிகின்றன, பால்வீதிப் பட்டையின் மேல் மட்டும் ஒன்றும் இல்லை, ஏன்? அவை உண்மையில் வெளியே இருந்தால் எங்கள் பால்வீதியை எப்படித் தெரிந்துவைத்துத் தவிர்க்கின்றன? லிக் அவதான நிலையத்தின் ஹீபர் கேர்ட்டிஸ், விளிம்பில் தெரியும் சுருள்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து 1918 இல் எழுதினார். அவற்றில் பலவற்றுக்கு நடுவில் கறுப்புக் கீற்று இருக்கிறது. எங்கள் பால்வீதியும் அப்படியொரு சுருள் என்றால் எங்களைச் சுற்றியும் அந்தத் தூசி இருக்கும். பட்டையின் திசையில் தூரத்து மண்டலங்கள் இல்லாமல் போகவில்லை, எங்கள் தூசி அவற்றை மறைக்கிறது.

1920 ஏப்ரலில் ஹார்லோ ஷாப்லியுடன் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் கேர்ட்டிஸ் தனித்தனி மண்டலங்கள் என்ற பக்கத்தில் நின்றார். சில வருடங்களில் எட்வின் ஹபிள் அந்திரோமீடாவில் துடிக்கும் நட்சத்திரங்களைக் கண்டு தூரத்தை அளந்தபோது வழக்கு முடிந்தது. பிறகு 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்ட்டும் சரிந்து நிற்கும் மண்டலங்களின் சுழற்சியை அளந்து, வெளி ஓரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்பதற்கு அது பலமான ஆதாரமானது.

இதில் என்னை நிறுத்தியது கேர்ட்டிஸ் செய்த காரியம். நாங்கள் பால்வீதிக்கு உள்ளே, மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். வெளியே போய் அதைப் படமெடுக்க வழியில்லை. உள்ளே இருப்பவருக்கு வீட்டின் வடிவம் தெரியாது. அதே போன்ற இன்னொரு வீட்டைப் பக்கவாட்டில் பார்த்துத்தான் தன் வீட்டை அறிய முடிந்தது.

என் குடும்பத்துக்கும் இது பொருந்தும். 1977 வன்செயலுக்குப் பிறகு தாத்தா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். பெரியப்பா தோட்டத்திலேயே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் 'அப்பம்மா' என்றபோது நான் 'அப்பாயி' என்றேன், சிரித்தார்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று எனக்கு விளங்கியது நோர்வூட்டுக்கு வந்த பிறகுதான்.

எங்கள் வானத்தில் எது, எப்போது

ஹட்டன், நுவரெலியா இரண்டும் வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில் இருக்கின்றன. ஐரோப்பியருக்குத் தெரியாத தெற்கு வானமும், அவுஸ்திரேலியருக்குத் தாழ்ந்து தெரியும் வடக்கு வானமும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். மேற்குச் சரிவில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரிலும் மழை. தெளிவான இரவுகள் பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை. வெளி மண்டலங்கள் அதிகம் தெரியும் காலமும் மாசி, பங்குனி, சித்திரைதான். மழை விடும் மாதமும் மண்டலங்கள் உச்சிக்கு வரும் மாதமும் ஒன்றாக வருவது மலையகத்தின் அதிர்ஷ்டம்.

என்ஜிசி 4565: உத்திரம் என்று எங்கள் பஞ்சாங்கம் சொல்லும் நட்சத்திரத்துக்கும் சுவாதிக்கும் நடுவில், கொஞ்சம் வடக்கே. மங்கலான ஒரு நட்சத்திரக் கூட்டம் அங்கே சிதறிக் கிடக்கும், அதன் கிழக்கு ஓரத்தில். பங்குனி நடுப்பகுதியில் அதிகாலை 1 மணியளவில் உச்சிக்கு 19 பாகை வடக்கே கடக்கும்.

மெசியே 104: அஸ்தத்தின் நட்சத்திரங்களுக்கும் சித்திரைக்கும் இடையில். தூரம் சுமார் 3 கோடி ஒளியாண்டு. விளிம்பிலிருந்து 6 பாகை மட்டும் சரிந்திருப்பதால் தூசி வளையம் தொப்பியின் விளிம்பு போலத் தெரியும். நீளம் 9 பாகைக் கலை. ஆனால் ஊசியைவிடப் பிரகாசம், பழகுவதற்கு நல்லது. உச்சிக்கு 18 பாகை தெற்கே, ஊசி கடந்து சில நிமிடங்களில் கடக்கும். இரண்டும் உச்சியின் இரு பக்கமும் ஏறத்தாழச் சம தூரத்தில் நிற்பதை எங்கள் அகலக்கோட்டில்தான் பார்க்கலாம்.

என்ஜிசி 4945: தென்சிலுவைக்கு வடகிழக்கே, ஒமேகா சென்ரோரி என்ற பெரிய நட்சத்திரக் கொத்துக்கு 4 பாகை மேற்கே. தூரம் சுமார் 1.2 கோடி ஒளியாண்டு, நீளம் 20 பாகைக் கலை. மற்ற இரண்டும் கடந்து அரை மணித்தியாலத்தில் தெற்கு வானில் 33 பாகை உயரத்துக்கு வரும். தெற்கே மலை மறைக்காத இடம் வேண்டும். லண்டனில் இருப்பவருக்கு இது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

என்ஜிசி 253: கரோலின் ஹெர்ஷல் 1783 இல் கண்டது, முழுநிலவின் விட்டத்தளவு நீளம். ஐப்பசி, கார்த்திகையில் உச்சிக்கு வரும், அப்போது மலையகத்தில் மழை. மன்னார், வன்னி வாசகர்கள் ஆவணி, புரட்டாதியில் நள்ளிரவுக்குப் பிறகு முயலலாம்.

நாள் தெரிவில் ஒரு சிக்கல் உண்டு. விடுமுறை கிடைப்பது போயாவுக்கு, அது முழுநிலவு. மங்கல் மண்டலத்துக்கு அதைவிட மோசமான இரவு இல்லை. அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்களுக்குள் போங்கள். இன்னொன்று சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை மலையேறும் பாதை விளக்குகளால் நிறைந்திருக்கும். மஸ்கெலியாப் பக்கம் நிற்பவர்கள் மலைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியதுதான்.

என்ன வேண்டும்

முதல் படி, வில்லை மாற்றக்கூடிய எந்தப் பழைய கமராவும், 200 மில்லிமீற்றர் வில்லையும், ஆடாத முக்காலியும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகரும். அதனால் திறந்து வைக்கும் நேரத்துக்கு எல்லை உண்டு. சிறிய உணரி கொண்ட கமராவுக்கு 500 ஐ, வில்லையின் குவியத்தூரத்தை 1.6 ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 200 மில்லிமீற்றருக்கு ஒன்றரைச் செக்கன். நாங்கள் 1 செக்கன் வைத்தோம்.

இரண்டாவது படி, வானத்தோடு சேர்ந்து திரும்பும் சிறிய பின்தொடர் கருவி. புதிதாக வாங்க எங்களால் முடியவில்லை. மறுவருடம் தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டுப் பாவித்த ஒன்றை வாங்கினோம். 1 செக்கன் 60 செக்கனானது.

மூன்றாவது படி, 80 மில்லிமீற்றர் வாயுள்ள சிறிய தொலைகாட்டி. இதில்தான் ஊசியின் கறுப்புக் கீற்று தெளிவாகப் பிரிந்து தெரியும். நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை.

பின்தொடர் கருவியில் மலையகத்துக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. கருவியின் அச்சு வானத்தின் வடதுருவத்தைப் பார்க்க வேண்டும். இணையத்தில் எல்லோரும் துருவ நட்சத்திரத்தைப் பிடி என்கிறார்கள். நோர்வூட்டில் அது வெறும் 7 பாகை உயரத்தில், அதாவது எதிர் மலைக்குப் பின்னால். யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட 10 பாகை, கடற்கரையில் நின்றால் தெரியும். அதோடு பல பெரிய தாங்கிகளை 7 பாகைக்குத் தாழ்த்தவே முடியாது. வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் தெரியாத இடத்தில் இப்படிச் செய்யலாம். திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள், இங்கே அதன் பிழை 3 பாகைக்கும் குறைவு. போனில் உள்ள சரிவுமானியால் அச்சை 7 பாகைக்கு உயர்த்துங்கள். பிறகு உச்சிக்கு அருகே வடக்குத் தெற்குக் கோட்டைக் கடக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சில நிமிடம் பின்தொடருங்கள். அது தெற்கே வழுவினால் அச்சு கிழக்கே கூடியிருக்கிறது, வடக்கே வழுவினால் மேற்கே கூடியிருக்கிறது. அதைத் திருத்தியபின் கிழக்கு வானில் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். வடக்கே வழுவினால் அச்சு உயரம் கூட, தெற்கே வழுவினால் குறைவு. முதல் இரவு எங்களுக்கு இதற்கே இரண்டு மணித்தியாலம் போனது. இப்போது அரை மணித்தியாலம்.

குளிர் உதவி செய்யும். கமராவின் உணரியில் வெப்பத்தால் வரும் இரைச்சல் ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்கு ஒரு முறை இரட்டிக்கும். கிளிநொச்சியின் 25 பாகை இரவோடு ஒப்பிட்டால் நுவரெலியாவின் 10 பாகை இரவில் அது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் பனி எதிரி. ஒரு மணித்தியாலத்தில் வில்லை வியர்த்துவிடும். கறுப்பு மட்டையில் நீளமான மூடி சுற்றுங்கள். போன் சார்ஜ் செய்யும் பவர் பாங்கில் ஓடும் சிறிய சூடேற்றும் பட்டி ஒன்றை வில்லையில் கட்டினால் விடியும்வரை தாங்கும்.

சேர்த்தல்

ஒரு படத்தில் மண்டலத்தின் ஒளி, கமராவின் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும். இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். மண்டலமோ எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். படங்களை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் தேயும், மண்டலம் நிற்கும். 4 படம் சேர்த்தால் இரைச்சல் பாதி. 100 படம் சேர்த்தால் 10 இல் ஒன்று. 900 க்கு 30 இல் ஒன்று. தம்பி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "கொழுந்து மாதிரிதானே. ஒன்னுக்கு எடையே இல்ல. கடைசில தராசு காட்டும். காட்டலேன்னா அரைப் பேரு."

இரவில் செய்ய வேண்டியது: கமராவை மூலக்கோப்பு வடிவில் வையுங்கள். பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெருப்பித்துக் கையால் குவியுங்கள், தானியங்கிக் குவிப்பு இருட்டில் வேலை செய்யாது. பின்தொடர் கருவி இருந்தால் 60 செக்கன் படம் 120, மொத்தம் 2 மணித்தியாலம். முடிந்ததும் வில்லையை மூடி அதே நேர அளவில் 20 இருட்டுப் படங்கள். அவை உணரியின் வெப்பப் புள்ளிகளைக் கழிக்க உதவும். காலையில் வில்லையின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வானத்தை நோக்கி 20 தட்டைப் படங்கள். அவை தூசியையும் ஓர இருட்டையும் சரிசெய்யும்.

சேர்க்கும் மென்பொருள்களுக்குக் காசு தேவையில்லை. சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டும் இலவசம். வான வரைபடத்துக்கு ஸ்டெல்லேரியம். சேர்த்த கோப்பு முதலில் கறுப்பாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். மங்கலான பகுதியை மெல்ல மெல்லப் பிரகாசமாக்கும்போது கோடு எழும்.

எது படம், எது சோடனை

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வரும். மங்கலைப் பிரகாசமாக்குவது ஏமாற்றா? இல்லை, படம் முழுவதற்கும் ஒரே விதி என்றால். பின்னணியைக் கழிப்பது, நிறத்தைச் சமன் செய்வது எல்லாம் அப்படித்தான். ஆனால் கறுப்புக் கீற்றைத் தூரிகையால் கருமையாக்குவது, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தான் கற்ற படங்களிலிருந்து ஊகித்து நிரப்பும் விபரத்தைத் தன் படம் என்று போடுவது, இரண்டும் வேறு வகை.

இதற்கு நல்ல சோதனை, மூலக்கோப்புகள். அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். எந்தத் திகதி, எந்த இடம், எத்தனை படம், எத்தனை செக்கன் என்று எழுதி வையுங்கள். யாரும் கேட்டால் தொடக்கத்திலிருந்து திரும்பச் செய்து காட்ட முடிய வேண்டும். 2009 க்குப் பிறகு எங்கள் ஆட்களின் எத்தனை படங்கள், திகதியும் மூலமும் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளிவைக்கப்பட்டன என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். தனியே நிற்கும் ஒரு தாயின் சாட்சியத்தை இரைச்சல் என்று ஒதுக்குவது சுலபம். நூறு பேர் தனித்தனியே ஒரே இடத்தைக் காட்டினால் அது நிற்கும். வானத்துக்கென்று கற்ற ஒழுங்கை இப்போது நான் நேர்காணல் கோப்புகளுக்கும் வைத்திருக்கிறேன்.

இருட்டில் நிற்பது

தேயிலை மலைக்குள் இரவில் நிற்பதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காவல்காரருக்கும் சொல்லுங்கள், கறுப்பு மட்டை சுற்றிய குழாயோடு இருட்டில் நிற்பவரை யாரும் சந்தேகிப்பார்கள். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் சிறுத்தை உண்டு. தனியாகப் போக வேண்டாம், தேயிலைக்குள் இறங்க வேண்டாம், ரோட்டோரம் போதும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது.

வடக்கில் ஒரு இரவு முக்காலியும் கருவியும் உள்ள பையோடு வந்தபோது என்னைச் சீருடையில் இருந்தவர்கள் மறித்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டில் வைக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் நின்றேன். போனில் இருந்த ஊசியின் படத்தைக் காட்டி, இதைத்தான் எடுக்கப் போனேன் என்றேன். நம்பினார்களோ தெரியாது, விட்டார்கள். அதன்பிறகு கருவிகளின் பட்டியலையும் அடையாள அட்டைப் பிரதியையும் பையிலேயே வைத்திருக்கிறேன். இப்படி எழுத வேண்டியிருப்பது வெட்கம், ஆனாலும் நீங்களும் வைத்திருங்கள்.

கமராவே இல்லாதவர்களுக்கு

மிக அருகில் உள்ள, விளிம்பில் தெரியும் மண்டலத்துக்குத் தொலைகாட்டி வேண்டாம். அது பால்வீதி. நாங்கள் தட்டுக்குள் இருந்து பார்ப்பதால் அது வானத்தைச் சுற்றி ஒரு பட்டையாகத் தெரிகிறது. பங்குனியில் அதிகாலை 4 மணிக்கு எழும்பித் தென்கிழக்கைப் பாருங்கள். தேளும் வில்லும் எழுந்து நிற்கும். பட்டை அங்கே அகன்று புடைக்கும், அதுதான் மையப் புடைப்பு. அதன் நடுவே கறுப்பாக ஒரு பிளவு ஓடும். கேர்ட்டிஸ் தூரத்து மண்டலங்களில் பார்த்த அதே தூசி, எங்களுடையது. போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்து, இரவு முறையில் 20, 30 செக்கன் விட்டால் போதும். பதியும்.

அப்படி எடுத்த ஒரு படத்தையும் ஊசியின் படத்தையும் ஹட்டனில் அச்சடித்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். அப்பா 1977 இல் சிறுவனாக மலையை விட்டு இறங்கியவர், திரும்பப் போனதில்லை. ஊசியை ஒரு தரம் பார்த்துவிட்டு, 4 கோடி வருடமா என்று கேட்டுக் கீழே வைத்தார். மற்றப் படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். அவர் பால்வீதியைப் பார்க்கவில்லை. அதன் கீழே கறுப்பாகத் தெரிந்த மலை விளிம்பை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"இந்தப் பள்ளத்துல ஓடை" என்றார். "இது ஏழாம் நம்பர் மலை. இதுக்குக் கீழதான் நம்ம லயம்."